வாசகர் கேள்விகள்: அஞ்சுதெங்கு எலைசா

கேள்வி: சென்ற இதழில் கேரளக் கடற்கரை ஊரான அஞ்சுதெங்கை 'எலைசாவின் ஊர்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். போன மாதம் குடும்பத்தோடு அங்கே போனோம். கோட்டையும் கடலும்தான் இருக்கின்றன. யார் இந்த எலைசா? வீடு எங்கே?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வீட்டைத் தேடி நானும் இரண்டு தடவை கடைக்காவூரில் ரயில் இறங்கிப் போயிருக்கிறேன் அம்மா. கோட்டைச் சுவரை ஒட்டி வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன், பெயரே கேள்விப்பட்டதில்லை என்றார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. அதில்தான் 1744இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவரின் மகளாக எலைசா பிறந்தார்.

14 வயதில் பம்பாயில் கல்யாணம். மாப்பிள்ளை டேனியல் டிரேப்பர், கம்பெனி உத்தியோகஸ்தர், ஏறக்குறைய 20 வயது மூத்தவர். பிள்ளைகளைப் படிக்க விடுவதற்காக இங்கிலாந்து போன இடத்தில், 1767இல் லண்டனில் நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்னைச் சந்தித்தார். ஸ்டெர்னுக்கு அப்போது 53 வயது, காசநோய் வேறு. பழகியது மூன்று மாதம்தான். எலைசா கப்பலேறியதும் ஸ்டெர்ன் அவருக்காகவே ஒரு நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார், மறு வருடம் மார்ச்சில் இறந்தும் போனார். இவ்வளவுதான் எல்லோரும் சொல்கிற கதை, எனக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது எலைசா தன் கையால் எழுதிய கடிதங்கள். தலசேரியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் உறவினருக்கும் சிநேகிதிக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். இந்தியாவுக்கு அனுப்புவதற்கென்றே வளர்க்கப்படும் எங்களைப் போன்ற பெண்களுக்குச் சீக்கிரம் ஒரு பணக்கார மாப்பிள்ளையைப் பிடிப்பதைத் தவிர வேறெதுவும் முக்கியம் என்று யாருமே சொல்லித்தரவில்லை என்று ஒரு கடிதத்தில் மனம் நொந்து எழுதுகிறார். 250 வருடத்துக்கு முந்தைய வரி, படித்தபோது எனக்கு என் பெரியம்மா ஞாபகம்தான் வந்தது.

அப்புறம் அந்த 1773 ஜனவரி ராத்திரி. பம்பாயில் மசகான் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த பெல்விடியர் என்ற வீட்டிலிருந்து, கணவரை விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிடுகிறார். கிளம்பும் முன் அவருக்கு ஒரு கடிதம். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் டிரேப்பர், உங்களுக்கு ஒருநாளும் பாரமாக இருக்கமாட்டேன் என்கிறார். கோபத்தில் எழுதியதாகத் தெரியவில்லை, நடுக்கத்தோடு எழுதியதாகவே எனக்குப் படுகிறது. அந்த வீடும் இன்று இல்லை. பிறகு ஆந்திரக் கரையில் இருந்த மாமாவிடம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இங்கிலாந்து. 1778இல் இறந்தபோது 34 வயது. பிரிஸ்டல் தேவாலயத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது, அதை நீங்கள் போனால் பார்க்கலாம்.

கேள்வி: செத்துப்போனவர்களாகவே இருந்தாலும் அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பில்லையா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: எனக்கும் அந்த உறுத்தல் உண்டு, எலைசா விஷயத்தில் ரொம்பவே உண்டு. ஏனென்றால் அவரே இதற்குப் பயந்தவர். ஸ்டெர்ன் இறந்ததும் எலைசா அவருக்கு எழுதிய கடிதங்கள் அவர் மனைவி, மகள் கைக்குப் போயின, அச்சில் போட்டுவிடுவோம் என்று பேச்சு வந்தது. எப்படியாவது தடுத்துவிடு என்று லண்டன் சிநேகிதிக்குப் பம்பாயிலிருந்து கெஞ்சி எழுதினார். இத்தனைக்கும் அதே குடும்பத்துக்காகப் பம்பாயில் பணம் வசூலித்து அனுப்பியவரும் இவர்தான். கடைசியில் 1773இல் அச்சானது ஸ்டெர்ன் இவருக்கு எழுதிய பத்துக் கடிதங்கள். இவர் ஸ்டெர்னுக்கு எழுதியதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அவை கிடைக்காமல் போனதில் எனக்கு வருத்தமில்லை, அவர் விரும்பியதும் அதுதானே. ஆனால் தடுக்கச் சொல்லி எழுதிய அந்த நீண்ட கடிதம் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, அதை விடாமல் படிக்கிறேன். தப்பா என்று கேட்டால், கொஞ்சம் தப்புதான்.