நடு சீசன்ல விதியை மாத்தலாமா? சனிக்கிழமை செஸ் லீக் கேள்வி பதில்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், பொள்ளாச்சின்னு சுத்துவட்டார ஆளுங்க சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு லிசெஸ்ங்கற இணைய செஸ் தளத்துல ஆடற லீக்குக்கு நான் நடுவர்கள்ல ஒருத்தன். அடுத்த சீசன்ல இருந்து மூணு மாத்தம் வருது. அரீனா (நேரம் முடியற வரைக்கும் எத்தனை ஆட்டம் வேணா ஆடலாம்) போய் 11 சுற்று ஸ்விஸ் (சுற்றுக்கு ஒரு ஆட்டம், கிட்டத்தட்ட ஒரே புள்ளில இருக்கறவங்க மோதுவாங்க). 3+0 போய் 3+2, அதாவது ஆளுக்கு 3 நிமிசம், ஒவ்வொரு மூவுக்கும் 2 நொடி கூடும். பெர்சர்க், அதாவது கூடுதல் புள்ளிக்காக நம்ம நேரத்தைப் பாதியாக்கிக்கறது, கிடையாது. அறிவிச்ச நாள்ல இருந்து குரூப்பு கொதிச்சுக் கெடக்குது. வந்த கேள்விகள்ல வசவை எடுத்துட்டு மீதியைப் போட்டிருக்கேன்.

பீளமேடு, கல்லூரி மாணவர்: ஏனுங்ணா, வேகமா ஆடறது ஒரு திறமை இல்லீங்களா? ஜெயிக்கத் தெரியாதவங்களுக்காக விதியை மாத்திப்போட்டீங்க.

வேகம் திறமைதான் தம்பி, அதுல எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஒரே திறமைக்கு மூணு தடவை கூலி போகுதேங்கறதுதான் பிரச்சினை. கணக்கைப் பாருங்க. அரீனால ஜெயிச்சா 2 புள்ளி. தொடர்ந்து ரெண்டு ஜெயிச்சுட்டா அடுத்ததுல இருந்து இரட்டிப்பு, 4. பெர்சர்க் அழுத்தி உங்க நேரத்தைப் பாதியாக்கிட்டு ஜெயிச்சா இன்னொண்ணு, ஆக 5. இது போக, ஒன்றரை மணி நேரத்துல நீங்க 20 ஆட்டம் முடிச்சுடுவீங்க. நிதானமா ஆடறவர் 11 தாண்ட மாட்டார். ரெண்டு பேரும் ஆடினதுல பாதி ஜெயிச்சிருந்தாக்கூட பட்டியல்ல நீங்க எங்கியோ, அவர் எங்கியோ.

இன்னொண்ணும் இருக்கு. நம்ம ஆளுங்கள்ல நிறையப் பேர் போன்லதான் ஆடறாங்க. கடைசி பத்து நொடில மவுஸ் வெச்சிருக்கறவன் ப்ரீமூவ் (எதிராளி ஆடறதுக்கு முன்னாடியே நம்ம மூவைப் போட்டு வெக்கறது) போட்டுத் தள்ளறான், போன்காரர் விரலைத் தூக்கறதுக்குள்ள ஃப்ளாக் விழுந்துடுது, அதாவது நேரம் முடிஞ்சுடுது. லைன் தாமதத்துக்கு லிசெஸ் ஓரளவு நேரத்தைத் திருப்பித் தருது, விரல் தாமதத்துக்குத் தராது. அந்த 2 நொடி அதுக்குத்தான். உங்களுக்கு இதுல நட்டம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். வெறும் வேகம்தான் வேணும்னா தினமும் அங்கியே புல்லட் (ஆளுக்கு மூணு நிமிசத்துக்கும் கம்மி) அரீனா ஓடிட்டே இருக்குதே.

திருப்பூர், பனியன் கம்பெனி டெய்லர்: ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு 8:30-க்குத்தான் வெளிய வருவனுங்க. ஊடு வந்து சேர 9:15 ஆயிரும். அரீனான்னா எப்ப வேணா நுழையலாம். ஸ்விஸ்ல எம்பட கதி?

இந்தக் கேள்விதான் எங்களையும் ரொம்ப நேரம் உக்கார வெச்சது. அரீனாவோட நல்ல குணமே அதுதானுங்க, கதவு தொறந்தே இருக்கும். ஸ்விஸ்ல எல்லாரும் ஒரே எண்ணிக்கை ஆட்டம், ஆனா நேரத்துக்கு வரோணும். லேட்டா வர்றவரை லிசெஸ் முழுசாத் தள்ளிடாது: 11 சுற்றுன்னா 6-வது சுற்று தொடங்கறதுக்கு முன்னாடி சேர்ந்துக்கலாம். ஆனா எத்தனை சுற்று விட்டிருந்தாலும் அரைப் புள்ளி ஒரே தடவைதான் கிடைக்கும். நீங்க 9:15-க்கு வந்தா சாதாரணமா ரெண்டு சுற்று போயிருக்கும். அதுக்கு அரைப் புள்ளின்னா, ஒன்றரைப் புள்ளி வரைக்கும் கைவிட்டுட்டு ஆரம்பிக்கறீங்க.

அதனால ஆரம்ப நேரத்தை 9:30-க்குத் தள்ளறோம். முடியறப்ப பன்னெண்டு மணியை நெருங்கிரும்னு சேலத்துப் பக்கம் ரெண்டு பேர் முணுமுணுக்கறாங்க. முணுமுணுக்கட்டும். ஞாயித்துக்கிழமை தூங்கிக்கலாம், ஷிப்டை நவுத்த முடியாது.

ஈரோடு, மஞ்சள் மண்டி: புது விதி நல்லதுன்னு முக்காவாசிப் பேர் ஒத்துக்கிட்டாச்சு. அப்பறம் எதுக்குங்க அடுத்த சீசன் வரைக்கும் காத்திருக்கறது? வர்ற சனிக்கிழமையே கொண்டாந்துடலாமல்ல?

நீங்க மண்டில இருக்கறவர், உங்களுக்கே தெரியும். ஏலம் ஓடிட்டிருக்கறப்ப மூட்டைக்கு எத்தனை கிலோங்கறதை மாத்தினா யாராச்சும் சும்மா இருப்பாங்களா? புது எடை சரியான எடையாவே இருக்கட்டும், கேக்கறவங்க சண்டைக்கு வரத்தான் செய்வாங்க.

இன்னைக்குப் பட்டியல்ல யார் மேல, யார் கீழன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். இப்ப எந்த விதியைத் தொட்டாலும் அது யார் பையிலிருந்து போய் யார் பைக்கு வருதுன்னும் தெரியும். அது தெரிஞ்சுட்டே கை தூக்கற முக்காவாசிப் பேரை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன், கை தூக்கினவங்கள்ல பாதிப்பேர் பட்டியல்ல கீழ்ப்பாதி. மோசமான விதின்னாலும் சீசன் முடியற வரைக்கும் ஓடட்டும். பழைய விதியை நம்பித்தான் அந்தப் பீளமேட்டுப் பையன் இத்தனை வாரமா பெர்சர்க் அழுத்தி அழுத்தி மேல வந்திருக்கான்.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேவும் அப்படித்தான் செஞ்சது. குறைஞ்சபட்ச ரேட்டிங்கை (ஆட்டக்காரரோட பலத்தைக் காட்டற எண்) 1000-லிருந்து 1400-க்கு ஏத்தறதையும், 2000-க்குக் கீழ இருக்கறவங்களுக்கு ஒரே தடவை புள்ளி கூட்டறதையும் 2023-லயே வெளில சொல்லிட்டு, 2024 மார்ச் 1-லதான் நடைமுறைக்குக் கொண்டாந்தாங்க. சண்டை போடறவங்களுக்குச் சண்டை போட அவகாசம் கிடைச்சது.

ஒரு விலக்கு உண்டு. ஒரே ஆள் ரெண்டு கணக்குல நுழைஞ்சா அதை அன்னைக்கே அடைப்போம். அது எப்பவுமே தப்புதான், அதுக்குப் புது விதி வேண்டியதில்லை.

பொள்ளாச்சி: ஃபிடேயைப் பெருசாச் சொல்றீங்க. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா சின்னச் சின்னப் போட்டில ஆடி ரேட்டிங் ஏத்தறார்ன்னு அவருக்குன்னே 2025-ல விதி மாத்தலீங்களா?

நல்லா மடக்கறீங்க. பழைய விதில, எதிராளி எவ்வளவு கீழ இருந்தாலும் ரேட்டிங் வித்தியாசத்தை அதிகபட்சம் 400-ன்னே வெச்சுக் கணக்குப் போட்டாங்க. ஒரு பெரிய கிராண்ட்மாஸ்டர் 1900 ஆளை ஜெயிச்சாலும் 0.8 புள்ளி ஏறும். 2025 அக்டோபர் 1-லிருந்து 2650-ம் அதுக்கு மேலயும் இருக்கறவங்களுக்கு உண்மையான வித்தியாசத்தையே எடுத்துக்கறாங்க, அதனால அந்த மாதிரி வெற்றில கிட்டத்தட்ட ஒண்ணும் கிடைக்காது. உலகப் பட்டத்துக்கு மோதறவரைத் தேர்ந்தெடுக்கற கேண்டிடேட்ஸ் போட்டிக்கு ரேட்டிங் மூலமாத் தகுதி பெற அவர் ஆட்ட எண்ணிக்கையைச் சேர்த்துட்டிருந்த வருசத்துலயே இது வந்தது, அந்த உறுத்தல் எனக்கும் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஏறின புள்ளில கை வைக்கலை. பழசைத் தோண்டாத வரைக்கும் நான் பொறுத்துக்குவேன்.

கரூர்: ராணியோட ஜெயிக்கற நிலைல இருந்தேன், நேரம் முடிஞ்சது. டிரான்னு போட்டுச்சு. அடுத்த வாரம் அதே மாதிரி, தோல்வின்னு போட்டுருச்சு. என்னங்க இது அநியாயம்?

ரெண்டும் சரிதானுங்க. முதல் ஆட்டத்துல எதிராளிகிட்ட வெறும் ராஜா. அவரால எந்தக் காலத்துலயும் மேட் பண்ண முடியாது, அதனால டிரா. ரெண்டாவதுல அவர்கிட்ட ஒரு சிப்பாய் மிச்சம் இருந்துச்சு. அது ஓடிப்போய் ராணி ஆக வழி இருக்கறதால உங்க ஃப்ளாக் விழுந்தா தோல்வி. அடுத்த தடவை அந்தச் சிப்பாயை முதல்ல வெட்டுங்க.

கோபிசெட்டிபாளையம்: ஒருத்தர் 96 சதவீதம் துல்லியமா ஆடியிருக்கார். இஞ்சின் (நல்ல மூவைக் கணிச்சுச் சொல்ற கம்ப்யூட்டர் நிரல்) பாத்துத்தான் ஆடறார்ன்னு குரூப்புல பேரைப் போட்டேன். நீங்க எடுத்துட்டீங்க. திருடனைக் காப்பாத்தறீங்களா?

பதினெட்டு மூவுல எதிராளி ராணியைச் சும்மா குடுத்துட்டா நானும் 96 ஆடுவேன். அந்த எண்ணை மட்டும் வெச்சு ஒரு மனுசனைத் திருடன்னு சொல்லக்கூடாது.

நான் பாக்கறது கடிகாரத்தை. முன்னாடி பாத்த ஒரு ஆட்டம். 12-வது மூவுல எதிராளியோட மந்திரி வெட்டிட்டு நிக்குது, திருப்பி வெட்டறதைத் தவிர வேற வழியே இல்லை. அதுக்கு 5 நொடி எடுத்துக்கிட்டார். 23-வதுல யானையைப் பலி குடுத்து ஆறு மூவுக்கு அப்பறம் பலன் வர்ற ஒரு யோசனை. அதுக்கும் அதே 5 நொடி. சுலபத்துக்கும் கஷ்டத்துக்கும் ஒரே நேரம், ஆட்டத்துக்கு ஆட்டம் அப்படியே வந்துச்சுன்னா சந்தேகப்படலாம். அப்பவும் நாம செய்ய வேண்டியது லிசெஸ்ல புகார் குடுக்கறது மட்டும்தான். அங்க உறுதியாச்சுன்னா கணக்குல முத்திரை விழும், அவர்கிட்டத் தோத்தவங்களுக்கு ரேட்டிங் திரும்பி வரும். குரூப்புல போட்ட பேரைத் திரும்ப வாங்க வழியில்லை. பக்கத்து ஊர்க்காரங்க, நாளைக்கு ஒரு கல்யாணத்துல எதிர்ப்பந்தில உக்காருவோம்.

நாமக்கல்: ஆளுக்கு 50 ரூவா வாங்கி ஜெயிச்சவனுக்குக் குடுத்தா எல்லாரும் ஒழுங்கா ஆடுவாங்கல்ல?

வேண்டாமுங்க. 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய ஆன்லைன் கேமிங் சட்டம், ஜெயிச்சாப் பணம் வரும்னு எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடறதைத் தடுக்குது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம்ங்கற வித்தியாசம் அங்க எடுபடாது. காசு வந்தா ஏமாத்தும் கூடவே வரும், அது தனிக்கதை.

கோவை, ஓர் அம்மா: பையனும் பொண்ணும் ஒரே வைஃபைல ஆடறாங்க, தடை பண்ணிருவீங்களா? பையனோட போர்டு ரேட்டிங் (நேர்ல ஆடறதுக்கு ஃபிடே தர்றது) 1150-லிருந்து திடீர்னு 1490 ஆனது நிஜமா?

ஒரே வைஃபைக்குத் தடை இல்லைங்கம்மா. முன்கூட்டியே எங்ககிட்டச் சொல்லி வைங்க, ஆடறப்ப ஆளுக்கொரு ரூம்ல உக்கார வைங்க. 1490 நிஜம்தான்: மேல சொன்ன 2024 கூட்டல்ல, 2000-க்கு எவ்வளவு குறைச்சலோ அதுல நாப்பது சதவீதத்தை ஃபிடே கூட்டினாங்க. பையனுக்கு 850 குறைச்சல், அதுல நாப்பது சதவீதம் 340. 2000-க்குக் கீழ எல்லாருக்கும் சேர்ந்து ஏறினதால தெருவுக்கே விருந்து வைக்க வேண்டியதில்லை.

தாராபுரம்: நீங்களும் ஆடறீங்க, நீங்களே நடுவர். இது எந்த ஊர் நியாயமுங்க?

என் ஆட்டத்துல வர்ற புகாரை நான் தொடறதில்லை, மத்த ரெண்டு நடுவர்கள் பாத்துக்கறாங்க. அடுத்த சீசன் விதிக்கான ஓட்டுலயும் நான் கை தூக்கலை. உங்களுக்கு அதுவும் பத்தலைன்னா, நடுவர் வேலைக்கு ஓர் இடம் காலியா இருக்கு. ஆனா ஆடக்கூடாது, சனிக்கிழமை ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் போன் எடுக்கோணும். சம்மதம்னா சொல்லுங்க.