மீன் தொட்டி விளக்கு: வாசகர் கேள்விகள்

கே: இரண்டடி தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. காலை 7 மணியிலிருந்து இரவு 11 மணி வரை விளக்கு எரிகிறது. வாரம் இரண்டு தடவை சுரண்டினாலும் கண்ணாடி பச்சையாகிவிடுகிறது. பாசி மருந்து ஊற்றலாமா?

ப: ஊற்றாதீர்கள். 16 மணி நேரம் விளக்கு எரிந்தால் பாசி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மருந்தில் பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். மருந்தில் செம்பு இருந்தால் இறாலும் நத்தையும் தப்பாது. வெளிச்சம் அப்படியே இருக்கும்வரை பாசியும் திரும்ப வரும்.

ஒரு டைமர் வாங்கி மாலை 4 மணி முதல் 10 மணி வரை மட்டும் எரிய விடுங்கள். நீங்கள் தொட்டியைப் பார்க்கிற நேரமாக அந்த ஆறு மணி நேரம் அமைவது நல்லது; இல்லாவிட்டால் பார்க்க ஆசைப்பட்டு விளக்கைக் கையால் போட்டுவிடுவீர்கள். இருக்கும் பாசியைப் பிளேடால் சுரண்டுங்கள். மூலையில் சிலிக்கான் ஒட்டில் பிளேடு பட்டால் கசிவு தொடங்கும். அக்ரிலிக் தொட்டியில் பிளேடே கூடாது, கீறல் விழும். சுரண்டிய கையோடு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். உணவையும் குறையுங்கள், மிச்சம் விழும் தீனி பாசிக்கு உரம். மூன்று வாரத்தில் அடங்கிவிட்டால், வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டி எட்டு மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

கே: 60 லிட்டர் தொட்டியில் செடி வளர்க்க எத்தனை வாட் எல்இடி வேண்டும்?

ப: வாட் கணக்கு டியூப்லைட் காலத்தோடு போயிற்று. வாட் சொல்வது மின்சாரச் செலவை. வெளிச்சத்துக்கு அட்டைப்பெட்டியில் லூமென் எவ்வளவு என்று பாருங்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ் போன்றவற்றுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் போதும், அதாவது உங்களுக்கு 600 முதல் 1,200. தண்டுச் செடிகளுக்கு 20 முதல் 40. அதற்கு மேல் போனால் கார்பன் டை ஆக்சைடும் உரமும் தர வேண்டும். தராவிட்டால் கூடுதல் வெளிச்சம் முழுவதும் பாசிக்குத்தான் போகும். இது தோராயக் கணக்கு. தொட்டி ஆழமாக இருந்தால் அடியில் சேரும் வெளிச்சம் குறையும். வெளிச்சத்தின் நிறத்துக்கு 6,500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை, வாங்குங்கள்.

விளக்கு போட்ட பிறகு செடியே சொல்லும். தண்டில் இலைக்கும் இலைக்கும் இடைவெளி நீண்டு, கீழ் இலைகள் உதிர்ந்தால் வெளிச்சம் போதவில்லை. அனுபியாஸின் பழைய இலையில், விரலால் தேய்த்தாலும் போகாத பச்சைப் புள்ளிகள் விழுந்தால் பெரும்பாலும் வெளிச்சம் அதிகம். விளக்கை மாற்றுவதற்கு முன் கொஞ்சம் உயர்த்திக் கட்டிப் பாருங்கள், அல்லது செடியை நிழலுக்கு நகர்த்துங்கள்.

கே: விளக்கைப் போட்டதும் டெட்ராக்கள் சிதறி ஓடிக் கண்ணாடியில் மோதுகின்றன.

ப: மீனுக்கு மூட இமை இல்லை. கும்மிருட்டில் சட்டென்று முழு வெளிச்சம் விழுந்தால் மிரளத்தான் செய்யும். முதலில் அறை விளக்கைப் போட்டு, 20 நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள். அணைக்கும்போது தலைகீழாக: தொட்டி விளக்கு முதலில், அறை விளக்கு பிறகு. இரவு முழுக்க நீல விளக்கு எரிய விடுவது நம் கண்ணுக்காகத்தான். மீனுக்கு இருட்டு வேண்டும்.

கே: புதுத் தொட்டியில் மணல் மேல் பழுப்புத் தூசி படிகிறது. விளக்கைக் கூட்டவா?

ப: வேண்டாம். அது டயட்டம் என்ற பழுப்புப் பாசி. புதுத் தொட்டியில் வருவது வழக்கம், சில வாரங்களில் தானே போய்விடும். துடைத்துவிட்டால் போதும்.

கே: ஒரு வருடத்தில் எல்இடி மங்கிவிட்டது. மாற்ற வேண்டுமா?

ப: அவசரப்படாதீர்கள். முதலில் மூடிக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் தெறித்துக் காய்ந்த உப்புப்படலம் வெள்ளையாக அப்பியிருக்கும். வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி, தேய்த்துக் கழுவிவிட்டு மாட்டுங்கள். விளக்கின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதீர்கள். திரும்பச் செருகும்போது வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கை எட்டாது.