தோட்டத்துக்குள் போனும் இணையமும்: கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பெரியவர்களுக்குப் போன் பழக்கிக் கொடுத்து வருகிறேன். கேள்வி அனுப்பச் சொன்னதும் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, இளைஞர் கழகம் சேர்ந்து தோட்டத்து வாசிகசாலையில கொம்பியூட்டர் வகுப்பு தொடங்கினோம். மொத வாரம் சனம் நெறஞ்சிருந்துச்சு. இப்ப பூட்டிக் கெடக்கு. பொம்பளைங்க எட்டிக்கூட பார்க்கிறதில்ல.

தம்பி, என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. மொனிட்டர், மவுஸ், பிறகு வேர்ட் என்று போயிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். காலையில் மலைக்குப் போய், பின்னேரம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, தண்ணி பிடித்து, சோறாக்கும் ஒரு அக்காவுக்கு வேர்ட் எதற்கு? அவருக்கு வேண்டியது வேறு. அரசாங்க உதவியான அஸ்வெசும காசு கணக்கில் விழுந்ததா? கொழும்புக் கடையில் நிற்கும் மகன் அனுப்பியது வந்ததா? மகளின் சாதாரண தரப் பெறுபேறு என்ன? பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் சுட்டெண்ணைப் போட்டால் பெறுபேறு சும்மாவே வரும். அதைப் பார்த்துச் சொல்ல டவுன் கொம்யூனிகேஷன் கடையில் காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள். பெறுபேறு வரும் வாரத்தில் அந்த ஒன்றை மட்டும், அவரவர் போனிலேயே காட்டிக் கொடுங்கள். அடுத்த வாரம் கூப்பிடாமலே வருவார்கள்.

இடத்தையும் மாற்றுங்கள். பொடியன்கள் கேரம் விளையாடும் வாசிகசாலைக்கு இருட்டும் நேரத்தில் எந்தப் பெண் வருவார்? நான் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில்தான் நடத்துகிறேன். பிள்ளையைத் தூக்க எப்படியும் அங்கே வரத்தானே வேண்டும். மற்றபடி பௌர்ணமி விடுமுறையான போயா நாள் நல்லது. சம்பள நாளில் வகுப்பு வைக்காதீர்கள், ஒருவரும் வரமாட்டார்கள்.

இன்னொன்று, சொல்லிக் கொடுக்கும்போது விரலைப் பாருங்கள். கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன விரல் நுனியைத் திரை பல நேரம் உணராது. உடனே நகத்தால் குத்துவார்கள், நகத்துக்கு அது அசையவே அசையாது. பிறகு பயந்துபோய் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள், வேண்டாத பட்டியல் ஒன்று திறந்துகொள்ளும். 'எனக்கு இது சரிவராது புள்ள' என்று போனைத் திருப்பித் தருவது இந்த இடத்தில்தான். கையைத் துடைக்கச் சொல்லி, விரலின் சதைப்பகுதியால் தொடச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்ட் போனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் 'தொட்டுப் பிடிக்கும் நேரம்' என்று ஒன்று இருக்கும், அதை நீளமாக வைத்துவிடுங்கள். பாதித் தொல்லை அத்தோடு போகும்.

கொம்பியூட்டர்களை வீசிவிட வேண்டாம். பழைய அறிவகமோ பிரஜா சக்தி நிலையமோ, அப்படி ஒரு பொதுக் கணினி நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுங்கள், உயர்தரப் பிள்ளைகளுக்கு உதவும்.

மஸ்கெலியாவிலிருந்து: லயத்து வீட்டுக்குள்ள சிக்னலே இல்ல. மேல கோயிலடிக்குப் போனாத்தான் புள்ளைங்களுக்கு வகுப்பு. மிஸ்ட் எறங்கினா இன்னும் மோசம்.

மிஸ்ட்டின் மேல், அந்தப் பனிமூட்டத்தின் மேல் பழியைப் போடாதீர்கள், போன் அலைவரிசைக்கு அது பெரிய தடை இல்லை. டவருக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் மலைதான் காரணம், அதற்கு மேல் தகரக் கூரை வேறு. டேட்டா போடுவதற்கு முன் பக்கத்துக் காம்பராக்காரர்களின் சிம்களை வாங்கி, உங்கள் வாசலில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒன்று எடுக்கும், இன்னொன்று செத்துக் கிடக்கும். நாலைந்து வீடு சேர்ந்தால் ஒரு ரவுட்டர் வாங்கி, வெளி அன்டெனாவைக் கூரைக்கு மேல் டவர் பக்கம் பார்த்துக் கட்டலாம். அதுவரை, பாட வீடியோவைக் கோயிலடியில் இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் பார்க்கட்டும். வட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கே பாதி டேட்டா போய்விடுகிறது!

பதுளையிலிருந்து ஒரு ஆசிரியர்: பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாளை வட்ஸ்அப்பில் போட்டால் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது.

சேர், பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத போனில் முகமூடி கழன்றுவிடும். அவசரத்துக்கு பி.டி.எப். ஆக்கி அனுப்புங்கள், அப்படியே போகும். ஆனால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாறுவதுதான் வழி. பழைய கோப்புகளை மாற்றித் தரும் இலவசத் தளங்கள் உண்டு. இலங்கைக்கான தமிழ்த் தரம், எஸ்.எல்.எஸ். 1326, 2008இலேயே வந்துவிட்டது. இன்னமும் பள்ளிக்கூடங்களில் பாமினியைப் பழக்குவது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

நானுஓயாவிலிருந்து ஒரு தங்கச்சி: அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தா பாவிப்பாங்களா?

தாராளமாக. பெயர்களுக்குப் பதில் ஆட்களின் படத்தைப் போட்டு வையுங்கள். வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பப் பழக்குங்கள். கூகுள் விசைப்பலகையில் 'தமிழ் (இலங்கை)' தெரிவு செய்து மைக்கைத் தொட்டால், பேசுவதை அதுவே எழுதும். யூடியூப்பில் அம்மா கேட்டதும் பாட்டு வரட்டும், மற்றதெல்லாம் தானாக வரும்.

பண்டாரவளையிலிருந்து: பாவிக்கிற சிம் யார் பேர்ல இருக்குன்னே தெரியல. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். வங்கி அனுப்பும் ஓ.டி.பி., அதாவது ஒருமுறை மட்டும் பாவிக்கும் இரகசிய இலக்கம், அந்த சிம்முக்குத்தான் வருகிறது. போன் தொலைந்தால் அதே நம்பரை மறுபடி எடுக்க, பதிவில் இருக்கிற ஆள் வரவேண்டும். தேசிய அடையாள அட்டையோடு கம்பனிக் கிளைக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அதற்குப் பிறகு வங்கிக்கு நம்பர் கொடுங்கள். 'பரிசு விழுந்திருக்கு, வந்த இலக்கத்தைச் சொல்லுங்க' என்று யாராவது எடுத்தால் பதில் பேசாமல் வைத்துவிடுங்கள். வங்கியில் வேலை செய்பவர் அதைக் கேட்கவே மாட்டார்.

கொட்டகலையிலிருந்து: பழைய போன் வாங்கலாமா?

வாங்கலாம். கடையிலேயே நின்று நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் (*#06#) அடியுங்கள், அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் வரும். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் IMEI என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் 1909க்கு அனுப்பினால் போன் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். அதற்குப் பிறகு காசைக் கொடுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு ஐயா: எங்கே பார்த்தாலும் சிங்களத்திலேயே இருக்கிறது. யாரிடம் கேட்பது?

ஐயா, அரசாங்க அலுவல் எதுவானாலும் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு எடுங்கள், தமிழிலேயே பேசலாம். எந்த அலுவலகம், என்ன பத்திரம் கொண்டுபோக வேண்டும் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால் ஒரு பஸ் காசு மிச்சம்.