காய் சேர்க்கும் விளையாட்டுக்கு ஊர்த் தோற்றம்: படத்துக்கு முன் உருவரை

கேள்வி: ஒரே மாதிரியான மூன்று காய்களை வரிசையில் சேர்த்தால் உடையும் கணினி விளையாட்டு ஒன்றைக் கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் செய்திருக்கிறேன். 8×8 கட்டம், ஆறு வகைக் காய். இலவசமாகக் கிடைத்த இரத்தினக்கல் படங்களை நீக்கிவிட்டு, நானே எடுத்த ஊர்ப் புகைப்படங்களைப் போட்டேன்: கோணேசர் கோயில், கோட்டை மான், கன்னியா வெந்நீர்க் கிணறு, நிலாவெளிக் கடற்கரை, புறாத்தீவு, வள்ளம். தனித்தனியே அழகாக இருக்கின்றன. ஆனால் விளையாடுபவர்கள் பிழையான காயை நகர்த்துகிறார்கள், சற்று நேரத்தில் கண் வலிக்கிறது என்கிறார்கள். எங்கே பிழை?
வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: உங்கள் படங்களில் குறையில்லை. காயாக வைத்ததுதான் சிக்கல். 64 கட்டங்களையும் யாரும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. பார்வை ஓரிடத்தில் நிற்க, சுற்றியுள்ளவை கடைக்கண்ணில் விழும். கடைக்கண்ணுக்கு நுணுக்கம் தெரியாது. வெளி உருவரையும் வெளிச்ச வேறுபாடும் ஓரளவு நிறமும்தான் எட்டும். உங்கள் ஆறு புகைப்படங்களுக்கும் உருவரை ஒன்றே, சதுரம். அதிலும் கடற்கரை, தீவு, வள்ளம் மூன்றும் மேலே வானம், கீழே கடல். கடைக்கண்ணுக்கு அவை ஒரே காய். 2001 இல் வந்த பிஜுவெல்டு விளையாட்டில் ஏழு கற்களுக்கும் நிறம் மட்டுமல்ல, வடிவமும் வேறு வேறாக இருந்தது இதனால்தான்.

ஆகவே முதலில் நிறமே வேண்டாம். ஆறு கறுப்பு உருவரைகளை வரையுங்கள். மானை விட்டுவிடுங்கள், சிறிதானால் கால்கள் மறைந்துபோகும், உடற்புள்ளிகள் அழுக்காகத் தெரியும். கோயிலையும் காயாக்க வேண்டாம். இந்த விளையாட்டில் காய் என்றால் உடைபடுவது. கோணேசர் கோபுரம் வெடித்துச் சிதறுவதை உங்கள் ஊரில் யாரும் விரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதற்குரிய இடத்தைப் பின்னர் சொல்கிறோம்.

உங்கள் கரையிலேயே நல்ல உருவரைகள் உண்டு: இளநீர் வட்டம், கன்னியாக் கிணறு சதுரம், சங்கு கீழ்நோக்கிய முக்கோணம், பாரை மீன் சாய்சதுரம், நட்சத்திர மீன், நீருக்கு மேலே விரிந்த திமிங்கில வால். வரைந்ததும் ஆறையும் 16 பிக்சலுக்குச் சுருக்கி, கை நீளத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இரண்டு மயங்குகின்றனவோ அவற்றில் ஒன்றைத் திருத்துங்கள். இதில் தேறாத காயை நிறம் பூசிக் காப்பாற்ற முடியாது.

அளவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லாக் காய்க்கும் ஒரே அகலம் கொடுத்தால் சதுரம் பெரிதாகவும் நட்சத்திரம் மெலிந்தும் தெரியும். 256 பிக்சல் கட்டத்தில் சதுரத்துக்கு 184, வட்டத்துக்கு 208 கொடுத்தால் இரண்டின் பரப்பும் ஏறத்தாழச் சமமாகும். நட்சத்திரத்தை 236 வரை விரிக்கலாம். கைகளைத் தடிப்பாக வரையுங்கள். வெளிக்கோடு 10 பிக்சல் இருக்கட்டும். 1366×768 திரையுள்ள மடிகணினியில் கட்டம் 80 பிக்சல் அளவே வரும். அப்போது அந்தக் கோடு 3 பிக்சலாக நிற்கும். 8 பிக்சலிலும் மெல்லிய எந்த விவரமும் வேண்டாம். சங்கின் வரிகளை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள்.

இனி நிறம். பலர் முதலில் சாயலை, அதாவது சிவப்பா நீலமா என்பதைத் தேர்வார்கள். அதைவிட வெளிச்சத்தை முதலில் பங்கிடுவது நல்லது. படம் திருத்தும் கிம்ப் மென்பொருளின் நிறத் தெரிவில், நிறத்தை வெளிச்சம், செறிவு, சாயல் எனப் பிரிக்கும் எல்சிஎச் முறைக்கு மாறினால் எல் என்ற வெளிச்ச அளவு 0 முதல் 100 வரை இருக்கும். பலகையின் பின்னணிக்கு 12, காய்களுக்கு 45, 55, 65, 75, 85, 95 என வையுங்கள். மிக இருண்ட காய்கூடப் பின்னணியிலிருந்து 3:1 மாறுபாட்டுக்குக் குறையாது. எழுத்தல்லாத வரைகலைக்கு, இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்டுவதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி கேட்கும் அளவு அதுவே. திமிங்கில வால் நீலம் 45, நட்சத்திர மீன் சிவப்பு 55, கிணறு வெளிறிய ஊதா 65, இளநீர் பச்சை 75, பாரை மஞ்சள் 85, சங்கு வெள்ளை 95. சிவப்பு பச்சை மயக்கமுள்ளவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும், நீலமும் ஊதாவும் குழம்பும். இந்த ஒழுங்கில் அந்த இரு சோடிகளுக்கும் நடுவே 20 அளவு இடைவெளி இருக்கிறது. கிம்பின் காட்சி வடிகட்டியில் நிறக்குருடு பார்வையைப் போட்டுப் பாருங்கள். படம் முழுவதையும் சாம்பல் நிறமாக்கியும் பாருங்கள். இரண்டிலும் ஆறு வகையும் பிரிந்து தெரிய வேண்டும்.

நிழல், மினுக்கம் எல்லாம் கடைசி வேலை. ஒளி எல்லாக் காய்க்கும் இடப்பக்க மேல்மூலையிலிருந்தே விழட்டும். மினுக்கத்தைக் கூட்டினால் வெளிச்ச ஒழுங்கு கலைந்துவிடும். கண் வலிக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

கோடோவில் 256 பிக்சல் பிஎன்ஜி கோப்புகளாகச் சேருங்கள். இறக்குமதித் தாவலில் மிப்மாப் (படத்தின் சிறிதாக்கிய பிரதிகள்) உருவாக்கத்தை இயக்கி, காய்களின் வடிகட்டலை லீனியர் மிப்மாப் ஆக்குங்கள். இல்லாவிட்டால் சிறிய திரையில் விளிம்புகள் பொடிப்பொடியாக உடையும். விளிம்பில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு கோடு ஓடினால், ஒளிபுகும் பகுதியில் ஒளிந்திருக்கும் நிறம் உள்ளே கசிகிறது என்று பொருள். அதே தாவலில் ஃபிக்ஸ் ஆல்பா போர்டர் என்ற தெரிவு இயங்குகிறதா பாருங்கள். ஆறையும் ஒரே படக்கோப்பில் அடுக்குவதாயிருந்தால் ஒவ்வொன்றையும் சுற்றி 8 பிக்சல் வெற்றிடம் விடுங்கள். ஆறு காய்க்குத் தனித்தனிக் கோப்பே போதும்.

நான்கைச் சேர்த்தால் கிடைக்கும் சிறப்புக் காய்க்கு உருவரையையும் நிறத்தையும் மாற்றாதீர்கள். மேலே ஒரு வளையம் மட்டும் சுற்றட்டும். தெரிவுசெய்த காய் 1.08 மடங்கு பெருத்தால் போதும். இடமாற்றம் 0.2 செக்கன், உடைதல் 0.25 செக்கன். திரை முழுதும் ஒளிர்ந்தணைவது ஒரு செக்கனில் மூன்று தடவையைத் தாண்டக்கூடாது. வலிப்பு நோயுள்ளவர்களுக்கு அது ஆபத்து.

இனிக் கோயிலுக்கு வருவோம். 1920×1080 திரையில் கட்டத்துக்கு 112 பிக்சல் கொடுத்தால் பலகை 896 பிக்சல் அகலம். மிச்சம் 1024, பக்கத்துக்கு 512. உங்கள் ஊர் வாழவேண்டிய இடம் அதுதான். இடப்பக்கம் சுவாமிமலைப் பாறையும் மேலே கோபுரமும், வலப்பக்கம் பிரெட்றிக் கோட்டை வாசலும் மரநிழலில் மான்களும். நீங்கள் எடுத்த புகைப்படங்களையே வெளிச்சம் 30க்கு மேற்படாமல் தணித்து, லேசாக மங்கலாக்கி இங்கே பயன்படுத்தலாம். நிலை மாற மாற விடியற்காலை, மாலை எனச் சாயலை மாற்றுங்கள். பலகையை மட்டும் தொடாதீர்கள்.

எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு பொருந்தும். கோடோ 3 பதிப்பில் இருந்தால் ‘கெ’, ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி விழும். 4க்கு மாறினால் சரியாகும்.

புதிய காய்த் தொகுதியைப் பழையதோடு சேர்த்து ஐந்து பேரிடம் கொடுங்கள். பழையதில் 50 நகர்த்தல், புதியதில் 50 நகர்த்தல். எதுவும் சேராமல் திரும்பி வந்த நகர்த்தல்களை மட்டும் எண்ணுங்கள். இரண்டு பேருக்குப் புதியதை முதலில் கொடுங்கள், பழக்கத்தால் வரும் தேர்ச்சி கணக்கைக் குழப்பாது. ஒரு தடவையாவது நண்பகலில், விறாந்தை வெளிச்சத்தில் வைத்து விளையாடச் சொல்லுங்கள். நீல வாலும் சிவப்பு நட்சத்திரமும் அங்கேதான் முதலில் மங்கும். மங்கினால் பின்னணியை இன்னும் இருட்டாக்குவதால் பயனில்லை. அந்த இரண்டு காய்களின் வெளிக்கோட்டை வெளிறிய நிறத்துக்கு மாற்றுங்கள்.