அரை டன்னா, முக்கால் டன்னா, ஒரு டன்னா? டிரெய்லர் இழுக்க எந்த டிரக்?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். 30 அடி டிராவல் டிரெய்லர் வாங்கி, கோடை விடுமுறையில் கொலராடோ வரை இழுத்துக்கொண்டு போக ஆசை. அரை டன் பிக்கப் போதுமா, 2500 அல்லது 3500 வகை ஹெவி டியூட்டி டிரக் வேண்டுமா? டீசலா, பெட்ரோலா?

பதில்:

டிரெய்லரின் நீளத்தைச் சொல்லியிருக்கிறீர்கள், எடையைச் சொல்லவில்லை. குறை சொல்லவில்லை, ஐந்து வருடங்களுக்கு முன் நானும் இதே ஊரிலிருந்து இதே கேள்வியைத்தான் பலரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். கடைசியில் என் கேள்விக்குப் பதில் சொன்னது அமரில்லோ நகரில் ஒரு லாரி நிறுத்தத்தில் இருந்த எடைமேடை. அதற்குள் தவறான டிரக்கை வாங்கிவிட்டிருந்தேன்.

நான் வாங்கியது அரை டன் பிக்கப். (அரை டன், முக்கால் டன் என்பதெல்லாம் பழைய வகைப் பெயர்கள்தான், உண்மையான எடைக் கணக்கில்லை.) "11,000 பவுண்டு இழுக்கும்" என்றார் விற்பனையாளர். என் டிரெய்லர் சாமான்கள் ஏற்றிய பிறகும் 7,400 பவுண்டுதான். 3,600 பவுண்டு மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் ஜே2807 என்ற சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11.4 மைல் நீளத்துக்கு ஒரு ஏற்றம் உண்டு. வெயில் கொளுத்தும்போது, ஏசியை முழுவீச்சில் ஓடவிட்டு, டிரெய்லரோடு அந்த ஏற்றத்தைக் குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகாமல் ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் டிரக்குக்குள் இருப்பவர்கள் 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை. பின்தொட்டியில் ஜெனரேட்டர் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, மடக்கு நாற்காலி இல்லை, என் மனைவி விட்டுவர மறுத்த இட்லிப் பானையும் இல்லை.

நம்மைப் போன்ற குடும்பத்துக்கு முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் அல்ல, சுமை தாங்கும் திறன். அதைப் பேலோடு என்கிறார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவு பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரியது. அதே மாடலில் மேற்கூரைக் கண்ணாடியும் தோல் இருக்கையும் சேர்த்தால் அவற்றின் எடை அந்த எண்ணிலிருந்து கழிந்துவிடும். என் டிரக்கின் ஸ்டிக்கரில் 1,480 என்றிருந்தது. வாங்கும்போது நான் அந்தக் கதவை எத்தனையோ முறை திறந்தேன். ஒருமுறைகூட அதைப் படிக்கவில்லை.

டிரெய்லரை இழுப்பதற்கும் இந்தச் சுமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு திணறும். கொஞ்சம் முன்பாரமாக இருந்தால்தான் வண்டி ஒழுங்காகப் போகும். டிரெய்லரும் அப்படித்தான். அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை, டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்சின் மேல் இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். இறங்கும் அந்தப் பாரம் முழுவதும் டிரக்கின் முதுகில் ஏற்றிய மூட்டைக்குச் சமம்.

என் கணக்கு இது. நாங்கள் நால்வரும் சேர்ந்து 445 பவுண்டு. பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் 90. பின்தொட்டிச் சாமான்கள் 250. டிரெய்லரின் முன்பாரம் 960-க்குக் கொஞ்சம் மேல். கூட்டினால் ஏறக்குறைய 1,750. ஸ்டிக்கர் அனுமதிப்பது 1,480.

இந்தக் கூட்டலைப் போடாமலேயே கிளம்பினோம். 287-ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்காகப் போகும்போது பக்கக் காற்று அடித்தது. ஒவ்வொரு பெரிய லாரி கடக்கும்போதும் டிரெய்லர் முதலில் வெளியே தள்ளப்பட்டு, பிறகு அதன் பக்கம் இழுக்கப்படும். ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்து உட்கார்ந்திருந்தேன். 7,834 அடி உயரத்தில் இருக்கும் ராட்டன் கணவாயில் ஏறியது பெரிதாகத் தெரியவில்லை. கொலராடோவின் டிரினிடாட் ஊர்ப் பக்கம் இறங்கும்போதுதான், "அப்பா, ஏதோ கருகுகிற வாடை" என்றான் பெரியவன். பிரேக். கீழே வந்து ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றோம். சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் அனல் அடித்தது.

திரும்பும் வழியில் அமரில்லோவில் அந்த எடைமேடையில் ஏற்றினேன். மூன்று தனித்தனிப் பலகைகள்: முன் அச்சு ஒன்றில், பின் அச்சு அடுத்ததில், டிரெய்லர் மூன்றாவதில். பட்டனை அழுத்தினால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் லாரி எண் கேட்டது. எண் இல்லை, சொந்த வண்டி என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து சீட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார். முன் அச்சு 3,140, பின் அச்சு 4,100, டிரெய்லர் 6,520. முதல் இரண்டையும் கூட்டினால் 7,240. என் டிரக்கின் மொத்த எடை வரம்பு 7,050. ஹிட்ச் கொஞ்சம் பாரத்தை டிரெய்லரின் அச்சுக்கே திருப்பித் தள்ளிய பிறகும் 190 பவுண்டு அதிகம். இழுவைத் திறனிலோ ஆயிரக்கணக்கான பவுண்டு மிச்சம்!

ஆகவே உங்கள் 30 அடி டிரெய்லருக்கு என் பதில்: முக்கால் டன், அதாவது 2500 வகை, பெட்ரோல். டீசலை ஏன் சொல்லவில்லை என்பதுதான் பலருக்கும் வியப்பாக இருக்கும்.

2500 வகை டிரக்குகள் பலவற்றின் மொத்த எடை வரம்பை உற்பத்தியாளர்கள் 10,000 பவுண்டில் நிறுத்திவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் வண்டி அடுத்த எடை வகுப்புக்குப் போய்விடும். சில மாநிலங்களில் பதிவுக் கட்டணமும் விதிகளும் மாறும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல் எடை. வரம்பு அங்கேயே நிற்க வண்டியின் சொந்த எடை ஏறினால், குறைவது பேலோடுதான். நான் இரண்டாவது முறை வாங்கப் போனபோது ஒரே வரிசையில் நின்ற இரண்டு முக்கால் டன் டிரக்குகளின் கதவைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் வண்டியில் 3,050. அலங்காரம் கூடிய டீசல் வண்டியில் 2,010. ஏறக்குறைய பத்தாயிரம் டாலர் அதிகம் கொடுத்து ஆயிரம் பவுண்டு குறைவாக வாங்குவதா? ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் பெட்ரோல் வண்டியை எடுத்தேன்.

டீசலை மட்டம் தட்டவில்லை. இறக்கத்தில், எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் அதன் எக்ஸாஸ்ட் பிரேக் கொடுக்கும் பிடிமானம் அருமை. உயரம் போகப் போக, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலுவை இழக்கும். கொலராடோவில் 11,158 அடியில் இருக்கும் ஐசனோவர் சுரங்கச் சாலைக்கு ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு வலு காற்றோடு போய்விடும். என் வண்டி அங்கே 45 மைல் வேகத்தில் அலறிக்கொண்டுதான் ஏறுகிறது, வலது ஓரத்தில், லாரிகளோடு. வருடத்துக்கு இரண்டு முறை அந்த அலறலைக் கேட்பதில் எனக்குச் சிரமமில்லை. மாதம் தவறாமல் மலைக்குப் போகிறவராக இருந்தால் டீசல் வாங்குங்கள். வாரநாளில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, மளிகைக் கடைக்குப் போய்வரும் ஓட்டம் மட்டும் என்றால் டீசலின் புகை வடிகட்டிக்கு அது ஒத்துவராது. நீண்ட ஓட்டத்தில் சூடானால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

ஒரு டன், அதாவது 3500 வகை, எப்போது? பின்தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகை வாங்கினால். அதில் மொத்த எடையில் 20 சதவீதத்துக்கு மேலேயே டிரக்கின் மீது இறங்கக்கூடும். 12,000 பவுண்டு என்றால் 2,400 அங்கேயே போச்சு. அப்போது 3500 டீசலுக்கே போய்விடுங்கள்; விலை வித்தியாசம் அதிகமில்லை. பின்னால் நான்கு சக்கரம் கொண்ட டூயலி அதற்கும் மேல், 15,000 பவுண்டைத் தாண்டுகிறவர்களுக்கு. அதன் இடுப்பு ஏறக்குறைய 8 அடி அகலம். அதை ஓட்டிக்கொண்டு வங்கியின் டிரைவ்-த்ரூ பக்கம் போகாதீர்கள். டிரக், டிரெய்லர் இரண்டின் வரம்பும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் மட்டும் 10,000-க்கு மேல் இருந்தால் டெக்சாஸில் சொந்த உபயோகத்துக்கும் ஏ வகுப்பு உரிமம் வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை வராது.

டிரெய்லர் விளம்பரத்தில் இருக்கும் காலி எடையை நம்பாதீர்கள். தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, 50 கேலன் தொட்டி நிறைந்தாலே 400-க்கு மேல். டிரெய்லரின் அதிகபட்ச எடை வரம்பை எடுத்து, அதில் 13 சதவீதம் போட்டு, குடும்பத்தையும் சாமான்களையும் கூட்டுங்கள். வரும் எண்ணைவிட ஸ்டிக்கர் குறைந்தது 300 பவுண்டாவது கூடுதலாக இருக்கட்டும். பிள்ளைகள் வளர்வார்கள்.

கார் நிறுத்தும் அறையையும் அளந்துவிடுங்கள். எங்கள் அறை 20 அடி ஆழம், டிரக் 21 அடிக்குச் சற்றுக் குறைவு. அது இப்போது வெளியே வெயிலில் நிற்கிறது.