500 படுக்கை போடலாமா?

கேள்வி: மாடு கட்டிய கொட்டகை ஒன்று காலியாகக் கிடக்கிறது. சிப்பிக்காளான் வளர்க்க ஆசை. ஒரு நிறுவனத்தார் வித்து கொடுத்து, விளைந்ததையும் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். குழுக்கடன் எடுத்து 500 படுக்கை (வைக்கோலும் காளான் வித்தும் அடுக்கிய பை) போடலாமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: சகோதரி, கொஞ்சம் பொறுங்கள். 500 படுக்கையையும் ஒரே வாரத்தில் போட்டால் காளானும் ஒரே வாரத்தில்தான் வரும். முதல் அறுப்பில் படுக்கைக்குக் கால் கிலோ என்று வைத்தாலே 125 கிலோ. பறித்த சிப்பிக்காளான் வெளியில் ஒரு நாள் தாங்கினால் பெரிது. அந்த நிறுவனத்தார் அன்று வண்டி அனுப்பாவிட்டால், அல்லது 'தரம் போதாது' என்று பாதியைக் கழித்துவிட்டால்? எந்த விலைக்கு, எத்தனை நாளைக்கு வாங்குவார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம்.

முதலில் 20 படுக்கை போதும்; அதற்குக் கடன் வேண்டாம். விளைந்ததைக் காய்கறிக் கடை, மெஸ், அக்கம்பக்கம் என்று நீங்களே விற்றுப் பாருங்கள். வாரம் எத்தனை கிலோ போகிறது என்று தெரிந்த பிறகு, தினம் இரண்டு படுக்கையாகப் போடலாம். ஒரு படுக்கைக்கு 45 நாள் என்ற சுழற்சியில் கொட்டகையில் 90 படுக்கைதான் இருக்கும், ஆனால் அன்றாடம் பறிக்கக் காளான் இருக்கும்.

கொட்டகையைப் பற்றி ஒன்று. பக்கத்தில் சாணக்குழி இருந்தால் ஈ வரும். காளானுக்கு அது பெரிய தொல்லை. கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை கட்டுங்கள். வைக்கோல் விஷயத்தில் பலரும் கோட்டை விடுவது ஈரத்தில்தான். வேகவைத்து ஆறவைத்த வைக்கோலைக் கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். பச்சைப் பூசணம் பிடித்த பையை 'பார்க்கலாம்' என்று வைத்திருக்காதீர்கள், அன்றே அப்புறப்படுத்துங்கள்.

உங்கள் ஊர் சித்திரை வெயில் சிப்பிக்குச் சரிப்படாது. அதற்கு 30 டிகிரிக்குக் கீழே வேண்டும். அந்த மாதங்களுக்குப் பால்காளான் இருக்கிறது. 35 டிகிரியிலும் வரும், பறித்த பின் கூடுதல் நாள் தாங்கும். படுக்கையின் மேல் மண் பரப்பும் வேலை மட்டும் அதிகம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் காளான் வளர்ப்புக்குப் பயிற்சி தருகிறார்கள். உங்களுக்கு எட்டும் தூரம்தான், கடன் மனுவுக்கு முன் அங்கே ஒருநாள் போய் வாருங்கள். அப்புறம், அறுக்கப் போகும்போது மூக்கை மூடிக் கட்டிக்கொள்ளுங்கள்; சிப்பிக்காளானிலிருந்து பறக்கும் வித்துத் தூள் சிலருக்கு இருமலைக் கொடுக்கும்.