குளிர்காலச் சமையல்: மசாலா அளவைக் கூட்டாதீர்கள், போடும் முறையை மாற்றுங்கள்

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: குளிர் நாட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது, வெளியே உறைபனி. உடம்பு சூடாகட்டும் என்று எல்லாவற்றிலும் மிளகும் இஞ்சியும் இரண்டு மடங்கு போடுகிறீர்கள். சாப்பிட்டதும் வியர்க்கிறது, கொஞ்ச நேரத்தில் முன்பைவிட அதிகமாகக் குளிர்கிறது, இரவில் நெஞ்சு எரிகிறது. இஞ்சி டீ திரிந்துபோகிறது. தாளித்தால் புகை அலாரம் அலறுகிறது. என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த வியர்வை. மிளகில் உள்ள பைப்பரின், இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால், மிளகாயில் உள்ள கேப்சைசின் மூன்றும் வாயிலும் தொண்டையிலும் இருக்கும் ஒரே நரம்பு உணர்வியைத்தான் தூண்டுகின்றன. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் வேலை செய்யும் உணர்வி அது. ஆகவே சூடே ஏறாதபோதும் 'சுடுகிறது' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. உடம்பு உடனே தன்னைக் குளிர்விக்கப் பார்க்கிறது: தோலுக்கு ரத்தம் பாய்கிறது, முகம் சிவக்கிறது, வியர்க்கிறது. வெயில் ஊரில் இது நல்லது. பனியில் அந்த ஈரத்தோடு வெளியே போனால் உள்ள சூடும் போய்விடும். நெற்றியில் வியர்வை அரும்பினால் காரம் அளவு மீறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கிளம்பும் முன் காரம் குறைந்த சுடு கஞ்சியோ பருப்போ சாப்பிடுங்கள். மிளகு ரசத்தை வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இஞ்சிக்கு வருவோம். பச்சை இஞ்சியும் சுக்கும் ஒரே பொருளின் இரண்டு நிலைதான், ஆனால் காரம் வேறு. இஞ்சி காயும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. அதன் உறைப்பு இன்னும் அதிகம், நின்று எரியும். துருவிய பச்சை இஞ்சி ஒரு தேக்கரண்டி கேட்கும் இடத்தில் சுக்குப்பொடி கால் தேக்கரண்டி போதும். சம அளவு போட்டால் நெஞ்சு எரியலாம். சூப்பர் மார்க்கெட்டில் கேக் சாமான்கள் வரிசையில் இருக்கும் இஞ்சிப்பொடி சுக்குப்பொடியேதான், தனியாகத் தேடி அலைய வேண்டாம். முழுச் சுக்காகக் கிடைத்தால் மேல்தோலைச் சுரண்டிவிட்டு இடியுங்கள். 'சுக்குக்குப் புறநஞ்சு' என்று வைத்தியத்தில் சொல்வது அந்தத் தோலைத்தான்.

டீ திரிவதற்குக் காரணம் பால் அல்ல. பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கும் நொதி ஒன்று இருக்கிறது. பாலில் நேராகப் போட்டால் பால் புரதத்தை அது திரிக்கிறது. கொதிநீரில் அந்த நொதி செயலிழந்துவிடும். அதனால் வரிசையை மாற்றினால் போதும். இரண்டு கப் டீக்கு 200 மில்லி தண்ணீரில் ஓர் அங்குல இஞ்சியைத் தட்டிப் போட்டு 4 நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுங்கள். பிறகு 2 தேக்கரண்டி டீத்தூள், இன்னும் ஒரு நிமிடம். அதற்கு மேல்தான் 200 மில்லி பால். பால் பொங்கி வந்ததும் இறக்கிவிடுங்கள். வெல்லம் சேர்ப்பதாக இருந்தால் இறக்கி, வடிகட்டிய பிறகு சேருங்கள். வெல்லமும் கொதிக்கும் பாலைத் திரிக்கும்.

மிளகைப் பொடியாக வாங்கவே வாங்காதீர்கள். மிளகின் உறைப்பு பல மாதம் நிற்கும், ஆனால் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது, அரைத்த நாளிலிருந்தே அது பறந்துகொண்டிருக்கும். மணமில்லாத பொடியை வைத்துக்கொண்டு மணத்தைத் தேடித்தான் பலர் அளவைக் கூட்டுகிறார்கள். கிடைப்பது உறைப்பு மட்டும். முழு மிளகை அன்றன்றைக்கு ஒன்றிரண்டாக இடித்துப் பாருங்கள், முன்பு போட்டதில் பாதி போதும் என்பது முதல் நாளே தெரியும்.

ரசத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பூண்டு 4 பல், சிறு எலுமிச்சை அளவு புளி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மொத்தத் தண்ணீர் அரை லிட்டர். புளிக்கரைசலை மஞ்சள், உப்புடன் 7, 8 நிமிடம் கொதிக்க விட்டுப் பச்சை வாசனை போனதும், இடித்த மிளகு, சீரகம், பூண்டைப் போட்டு, நுரை கூடி வரும்போது நிறுத்த வேண்டும். கொதித்தால் மணம் போய்க் கடுப்புதான் மிஞ்சும். இங்கேதான் மின்அடுப்பு காலை வாரிவிடும். கேஸை அணைத்தால் சூடு அப்போதே நிற்கும். கண்ணாடித் தளமோ சுருள் கம்பியோ உள்ள மின்அடுப்பு அணைத்த பிறகும் பல நிமிடம் தகித்துக்கொண்டிருக்கும், ரசம் உங்கள் கண் மறைவில் கொதித்து முடித்துவிடும். எனவே அணைப்பது மட்டும் போதாது, பாத்திரத்தைத் தூக்கி வேறு இடத்தில் வையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

தாளிப்பில் இதே குணம் இன்னும் மோசமாக வெளிப்படும். மின்அடுப்பை முழு வேகத்தில் வைத்து, எண்ணெய் புகைந்த பிறகு குறைத்தால் சட்டியின் சூடு உடனே குறையாது. அலாரம் அடிப்பது பெரும்பாலும் அந்தப் புகையால்தான். தொடக்கத்திலிருந்தே நடு வேகம் வையுங்கள். ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். அது வெடித்தால் மீதியைப் போட்டு மூடுங்கள். வெடிப்பு ஓயும்போது சட்டியை அடுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சீரகம், காய்ந்த மிளகாய், பெருங்காயம் மூன்றும் சட்டியின் மிச்சச் சூட்டிலேயே பொரிந்துவிடும். சீரகத்துக்குப் பத்துப் பதினைந்து வினாடி போதும். மிளகாய் கருகினால் வரும் நெடி, சன்னல் மூடிய வீட்டில் மணிக்கணக்கில் இருமலைக் கொடுக்கும். மிளகுப்பொடியைக் காய்ந்த எண்ணெயில் போடாதீர்கள், நொடியில் கசந்துவிடும். நெய்யில் போட விரும்பினால் நெய் உருகிய நிலையில் போட்டு உடனே ஊற்றிவிடுங்கள். பைப்பரின் தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும், கொழுப்பில் நன்றாகக் கரையும். அரைத் தேக்கரண்டி நெய் சேர்ந்த ரசத்தில் காரம் ஒரே இடத்தில் குத்தாமல் பரவலாகத் தெரிவது அதனால்தான்.

அலாரத்தைத் துணியால் மூடுவதோ மின்கலத்தைக் கழற்றுவதோ வேண்டவே வேண்டாம். பல இடங்களில் வாடகை ஒப்பந்தத்தையே அது மீறும், அதைவிட உயிருக்கு ஆபத்து. அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, அல்லது கரி வடிகட்டி வழியாக உள்ளேயே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். உள்ளே திருப்புகிற வகை நெடியை முழுதாக எடுக்காது. அப்போது தாளிக்கும் 5 நிமிடம் மட்டும் சன்னலை விரல்கடை அளவு திறங்கள். அதற்கு முன்பே படுக்கையறைக் கதவையும் கோட்டு மாட்டியிருக்கும் அலமாரியையும் மூடிவிடுங்கள். கம்பளிக் கோட்டில் ஏறிய தாளிப்பு வாசனையை எளிதில் துவைத்துப் போக்க முடியாது.

பட்டை வாங்கும்போது கொஞ்சம் கவனம். கடைகளில் பரவலாகக் கிடைப்பது கேசியா எனும் தடித்த பட்டை, கடினமாக ஒரே சுருளாக இருக்கும். இலங்கைப் பட்டை மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, கையால் நொறுங்கும். கேசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், அது தினமும் நிறையச் சேர்ந்தால் கல்லீரலுக்கு நல்லதல்ல. குழம்பில் ஒரு துண்டு போடுவதில் கவலையில்லை. தினம் பாலிலும் கஞ்சியிலும் ஒரு தேக்கரண்டி பட்டைப்பொடி கலந்து குடிக்கும் பழக்கம் இருந்தால் இலங்கைப் பட்டைக்கு மாறுங்கள். இன்னொன்று, 'ஆல்ஸ்பைஸ்' என்ற டப்பாவைப் பெயரைப் பார்த்து கரம் மசாலா என்று வாங்கிவிடாதீர்கள். அது ஒரே ஒரு மரத்தின் காய்ந்த காய், கிராம்பும் பட்டையும் கலந்தாற்போல மணக்கும். கறியில் கால் தேக்கரண்டிக்கு மேல் போட்டால் கேக் வாசனைதான் வரும்.

ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவந்திருந்தால், நீங்கள் இருக்கும் நாட்டு மின்அழுத்தத்தைப் பார்த்த பிறகே சொருகுங்கள். 230 வோல்ட் மிக்ஸி 120 வோல்ட்டில் தளர்ந்து சுற்றும், சுமை கொடுத்தால் சூடேறும். ஒருவர் இருவர் சமையலுக்குச் சிறு கல்லுரலே போதும்.

மசாலா டப்பாக்களை அடுப்புக்கு மேலேயும் ஹீட்டர் பக்கத்திலும் வைக்காதீர்கள். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் டப்பாவைச் சாய்த்துத் தட்டினால் ஆவி புகுந்து பொடி கட்டிதட்டும், கரண்டியில் எடுத்துப் போடுங்கள். ஃப்ரீசரில் வைத்த பொடியை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் படியும்.

நெஞ்செரிச்சல் ஏற்கெனவே இருப்பவர்கள் இரவில் சுக்கையும் மிளகையும் விட்டு, சீரகமும் கொத்தமல்லி விதையும் கொதிக்க வைத்த நீருக்கு மாறலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இஞ்சியிலும் சுக்கிலும் சமையல் அளவோடு நிற்க வேண்டும், கஷாயமாகத் தினம் குடிப்பதாக இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சளிக்கென்று இஞ்சிச்சாற்றில் தேன் குழைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

வேலைக்கு ரசம் கொண்டுபோவதாக இருந்தால், பிளாஸ்கில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டுப் பிறகு நிரப்புங்கள். குளிர்ந்த பிளாஸ்க் முதலில் தானே சூட்டைக் குடித்துவிடும். ரசத்தை வடிகட்டி ஊற்றுங்கள். மிளகுச் சக்கை சூட்டில் மதியம்வரை ஊறினால் கசக்கும். நெய்யை அதில் சேர்க்காமல் தனியாக எடுத்துப்போய்ச் சுடச்சுட இருக்கும்போது கலந்துகொள்ளுங்கள்.